ஓடும் தளத்தில் 2,407 முறை

பிரிட்டிஷ் கடற்படை விமானி எரிக் பிரவுன் விமானம் தாங்கிக் கப்பல்களில் 2,407 முறை இறங்கியிருக்கிறார். இதுவரை யாரும் முறியடிக்காத எண்ணிக்கை இது. அவர் ஓட்டிய விமான வகைகள் 487. ஸ்பிட்ஃபயரில் மட்டும் பதினான்கு ரகங்களை ஓட்டினார். ஆனாலும் அந்தக் கணக்கில் ஸ்பிட்ஃபயர் ஒன்றுதான்.

சாதனைப் புத்தகத்துக்கு இந்த எண்கள் போதும். அறிவியல் பக்கம் சாய்ந்தவருக்கு வேறொரு கேள்வி எழும். ஒரே மனிதரை எதற்காக 2,407 முறை கப்பலில் இறங்கச் சொன்னார்கள்?

1940களில் இன்றைய கணினி கிடையாது. ஒலியின் வேகத்தை நெருங்கினாலே காற்றுச் சுரங்கங்களின் அளவீடுகள் நம்பத் தகாதவை ஆகிவிடும். புதிதாக வடிவமைத்த விமானம் ஒன்று, ஆடுகிற கப்பலின் சின்னஞ்சிறு தளத்தில் நிற்குமா, கடலில் விழுமா என்பதைக் காகிதத்தில் கணக்குப் போட்டு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒருவர் ஏறி ஓட்டி, இறங்கி, உயிரோடு திரும்பி வந்து, நடந்ததை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். கடைசி வேலைதான் கடினம். துணிந்தவர்களுக்குப் போர்க்காலத்தில் பஞ்சமில்லை. கைப்பிடி எந்த நொடியில் இறுகியது, மூக்கு எந்த வேகத்தில் கவிழ்ந்தது என்று நிதானமாகச் சொல்லத் தெரிந்தவர்கள் கொஞ்சம்தான். பிரவுன் அந்தக் கொஞ்சத்தில் ஒருவர். அவரைப் போர்வீரர் என்பதைவிட ஓர் அளவுகருவி என்று சொன்னால்தான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் படித்தவர். ஜெர்மன் மொழி மாணவர். முதல் உலகப் போரின் புகழ்பெற்ற ஜெர்மன் விமானி எர்ன்ஸ்ட் ஊடெட், இளைஞராக இருந்த பிரவுனைத் தன் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வானில் குட்டிக்கரணம் போட்டுக் காட்டினார். ஆசை அங்கே பற்றிக்கொண்டது. 1939 செப்டம்பரில் போர் வெடித்தபோது பிரவுன் ஜெர்மனியில் இருந்தார். பிடித்து வைத்து விசாரித்துவிட்டு, சுவிஸ் எல்லையில் கொண்டுபோய் விட்டார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன சில கதைகளை வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் பின்னாளில் கேள்விக்கு உட்படுத்தியதுண்டு. நல்ல கதைசொல்லிகளுக்கு நேர்வதுதான். சோதனைப் பறத்தல்கள் அப்படியல்ல. அவை பதிவேட்டில் இருக்கின்றன.

கடற்படையின் 802ஆவது படைப்பிரிவில் சேர்ந்த பிரவுனுக்குக் கிடைத்த முதல் போர்க்கப்பல் ‘அடாசிட்டி’. கரீபியன் கடலில் பிடிபட்ட ஹனோவர் என்ற ஜெர்மன் சரக்குக் கப்பலின் மேல்பகுதியை வெட்டியெறிந்துவிட்டு, அதன்மேல் ஒரு தட்டையான தளத்தைப் பொருத்தியிருந்தார்கள். தளத்தின் நீளம் சுமார் 140 மீட்டர். விமானங்களை உள்ளே இறக்கி வைக்கக் கொட்டகை கிடையாது. மார்ட்லெட் ரகப் போர் விமானங்கள் மழையிலும் உப்புக்காற்றிலும் தளத்தின் மேலேயே கட்டிக்கிடந்தன. பழுது பார்ப்பதும் எரிபொருள் நிரப்புவதும் திறந்த வெளியில்தான்; இரவானால் கையில் டார்ச் விளக்கு.

அட்லாண்டிக்கில் போகும் சரக்குக் கப்பல் அணிகளை ஜெர்மானியரின் நான்கு எஞ்சின் ‘காண்டோர்’ விமானங்கள் மேலிருந்து வேவு பார்த்து, நீர்மூழ்கிகளுக்குத் தகவல் கொடுத்துக்கொண்டிருந்தன. காண்டோரின் முதுகிலும் வயிற்றிலும் பீரங்கிகள். வழக்கம்போல் பின்னாலிருந்து துரத்தினால் அவை சும்மா இருக்காது. எதிரே நேராகப் போனால்? அந்தப் பக்கம் பாதுகாப்பு சொற்பம். ஆனால் இரு விமானங்களின் வேகமும் கூடிக்கொள்வதால், இலக்கு கண்ணில் பெரிதாகத் தெரிவதற்கும் மோதுவதற்கும் இடையே சுட இரண்டொரு நொடிதான் கிடைக்கும். பிரவுன் அந்த வழியைத் தேர்ந்து இரண்டு காண்டோர்களை வீழ்த்தினார். விமானி அறையின் கண்ணாடிதான் அவருடைய குறி.

1941 டிசம்பர் 21 இரவு, யு-751 என்ற நீர்மூழ்கி அடாசிட்டியை மூழ்கடித்தது. குளிர்ந்த நீரில் தத்தளித்தவர்களில் பலர் விடிவதற்குள் மடிந்தார்கள். விமானிகள் அணியும் மிதவைச் சட்டை மயங்கியவரின் தலையையும் நீருக்கு மேலே நிமிர்த்திப் பிடிக்கும். மாலுமிகளுக்குக் கொடுத்திருந்த மிதவை அப்படிச் செய்யாது. தன்னோடு கயிற்றால் பிணைந்து மிதந்த கூட்டத்தில் பிழைத்தது விமானிகள் இருவர் மட்டுமே என்றும், காரணம் அந்தச் சட்டைதான் என்றும் பிரவுன் பிற்பாடு சொன்னார்.

அந்தச் சிறிய தளத்தில் அவர் இறங்கிய விதம் மேலதிகாரிகளின் கண்ணில் பட்டிருந்தது. அதன்பின் அவருடைய முக்கிய வேலை சண்டையல்ல, சோதனை.

ஓடும் பஸ்ஸில் ஏற நினைப்பவர் நின்ற இடத்திலிருந்து கம்பியைப் பிடித்தால் தோள்பட்டை கழன்றுவிடும். பஸ்ஸோடு கூடவே ஓடிப் பிடித்தால் சிரமமில்லை. கப்பலில் இறங்கும் விமானத்துக்கும் முக்கியம், இரண்டுக்கும் நடுவே உள்ள வேக வித்தியாசம்தான். சிறகுகள் தாங்குவதற்குத் தேவையான வேகம் காற்றைப் பொறுத்தது. நிற்பதற்குத் தேவையான வேகம் தளத்தைப் பொறுத்தது. இவை இரண்டையும் பிரித்து வைப்பதுதான் கப்பலின் வேலை. அதனால்தான் விமானம் இறங்கும்போது கப்பலைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி முழு வேகத்தில் ஓட்டுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 65 நாட் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டரில் விமானம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரிய கப்பல் 25 நாட் வேகத்தில் ஓடுகிறது. எதிர்க்காற்று 10 நாட். தளத்தின்மேல் வீசும் காற்று 35 நாட் ஆகிறது. தளத்தில் நிற்பவர் பார்வையில் விமானத்தின் வேகம் வெறும் 30 நாட். இப்போது அதே விமானம், காற்றே இல்லாத நாளில், 17 நாட்டுக்கு மேல் ஓட முடியாத சிறு கப்பலில் இறங்குகிறது. வித்தியாசம் 48 நாட். 30க்கும் 48க்கும் பெரிய தூரமில்லை என்று தோன்றும். ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வது. தளத்தின் குறுக்கே கட்டி, விமானத்தின் வால் கொக்கியைப் பிடித்து நிறுத்தும் கம்பிகள் விழுங்க வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்கு அல்ல, இரண்டரை மடங்குக்கும் மேல்.

இது வெறும் பாடப்புத்தகக் கணக்கல்ல. 1943 செப்டம்பரில் இத்தாலியின் சலேர்னோ கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கியபோது, மேலே காவல் காக்க சிறிய விமானம் தாங்கிக் கப்பல்களில் சீஃபயர்களைக் கொண்டுபோனார்கள். சீஃபயர் என்பது ஸ்பிட்ஃபயரின் கடற்படை வடிவம். அந்த நாட்களில் அங்கே காற்று கிட்டத்தட்ட செத்துவிட்டது. எதிரியால் இழந்த சீஃபயர்களைவிட இறங்கும்போது உடைந்தவை மிக அதிகம்.

சீஃபயர் மீதும் குற்றம் உண்டு. புல்தரையில் ஓடுவதற்காகச் செய்த மெல்லிய, நெருக்கமான கால்கள் அதற்கு. உடல் வழவழப்பாக இருப்பதால் வேகம் எளிதில் குறையாது. தளத்தைத் தொட மறுத்து மிதந்துகொண்டே போகும். கொக்கி கம்பியில் மாட்டிய கணத்தில் வால் தூக்கி, மூக்கு கவிழ்ந்து, புரொப்பெல்லர் நுனி தளத்தைக் கொத்தும். சலேர்னோவில் ஹண்டர் என்ற கப்பலில் அந்த நுனிகளை அங்குலக் கணக்கில் அறுத்தே எடுத்துவிட்டார்கள். பறத்தலில் பெரிய கெடுதல் ஏதும் வரவில்லை!

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை, சீஃபயரின் நீண்ட மூக்கு. மெதுவாகப் பறக்க வேண்டுமென்றால் மூக்கைத் தூக்க வேண்டும். மூக்கைத் தூக்கினால் கப்பலே மறைந்துபோகும். இறங்க வேண்டிய இடத்தை, இறங்க வேண்டிய நேரத்தில் பார்க்க முடியாது. இதற்கு பிரவுன் கையாண்ட வழி, நேர்க்கோட்டில் வராமல் இடப்பக்கமாக வளைந்தபடியே இறங்கி வருவது. கூரைக் கண்ணாடி பின்னால் தள்ளிப் பூட்டியிருக்கும். சக்கரமும் கொக்கியும் இறங்கியிருக்கும். தலையை இடப்பக்கம் சாய்த்தால், மூக்கின் ஓரமாகத் தளத்தின் பின்முனையும் அங்கே கையில் மட்டைகளோடு நிற்கும் சைகையாளரும் தெரிவார்கள். வளைவை முடித்து விமானத்தை நேராக்குவது கடைசி நொடியில். மட்டைகள் ‘அணை’ என்றதும் எஞ்சினைக் குறைக்க வேண்டும். அதன்பின் தளம் கண்ணில் படாது. கம்பி இழுப்பதை உடம்பில்தான் உணர வேண்டும். கம்பி மாட்டவில்லை என்றால் எதிரே குறுக்காகக் கட்டிய எஃகு வடத் தடுப்பு இருக்கும். அதில் மோதினால் விமானம் போகும்; மோதாவிட்டால் முன்னால் நிறுத்தி வைத்த விமானங்களும் சேர்ந்து போகும்.

அந்தச் சைகையாளர் விஷயத்தில் ஒரு விசித்திரம். பிரிட்டிஷ் கடற்படையில் மட்டைகளை உயர்த்தினால் ‘மேலே ஏறு’ என்று பொருள். அமெரிக்கக் கடற்படையில் அதே சைகைக்கு ‘நீ மிக உயரத்தில் இருக்கிறாய்’ என்று பொருள். நேச நாடுகள் இரண்டும் ஒரே போரில், ஒரே சைகையை நேர் எதிராகப் படித்துக்கொண்டிருந்தன. போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்துத்தான் பிரிட்டிஷார் அமெரிக்க முறைக்கு மாறினார்கள்.

1944 மார்ச் 25 அன்று பிரவுன் செய்தது இந்தக் கணக்கையே அதன் எல்லைக்குத் தள்ளியது. ‘மஸ்கிட்டோ’ மரத்தாலான, இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானம். சிறகின் அகலம் 16 மீட்டருக்கு மேல். ஜப்பானியக் கப்பல்களைத் தாக்க அதைக் கப்பலிலிருந்து அனுப்ப முடியுமா என்ற கேள்வி இருந்தது. பிரிட்டனின் இரட்டை எஞ்சின் விமானம் எதுவும் அதுவரை கப்பலில் இறங்கியதில்லை. வழக்கமாக அது இறங்கும் வேகத்தில் வந்தால் கம்பி தாங்காது, அல்லது மர உடலிலிருந்து கொக்கி பிய்த்துக்கொண்டு வரும். வழக்கத்தைவிட மெதுவாக வந்தால் சிறகுகள் தாங்காது.

இங்கே புரொப்பெல்லர் கைகொடுத்தது. வேகமாகச் சுழலும் புரொப்பெல்லர் பின்னோக்கித் தள்ளும் காற்று, சிறகின் பெரும்பகுதியைக் கழுவிக்கொண்டு போகிறது. விமானம் மெதுவாக நகர்ந்தாலும் அந்தப் பகுதிச் சிறகுக்குக் காற்று வேகமாகத்தான் வருகிறது, தூக்குவிசை குறைவதில்லை. ஆகவே எஞ்சினைக் குறைத்து இறங்காமல், எஞ்சினை ஏற்றி வைத்து, மூக்கைத் தூக்கிப் பிடித்து, விழுந்துவிடும் வேகத்துக்கும் கீழே தொங்கியபடி வர வேண்டும். கேட்க முரணாகத் தோன்றும். குறிப்பிட்ட ஒரு வேகத்துக்குக் கீழே போனால், மெதுவாகப் பறக்கத்தான் அதிக சக்தி வேண்டும். சிறகு அதிகக் கோணத்தில் காற்றை எதிர்ப்பதால் காற்றுத்தடை ஏறிவிடுகிறது. ஆபத்து என்ன என்பது பிரவுனுக்குத் தெரியும். அந்த வேகத்தில் ஓர் எஞ்சின் நின்றால், மற்றது விமானத்தைப் புரட்டிப் போட்டுவிடும். சரிசெய்ய உயரம் இருக்காது.

‘இன்டிஃபேட்டிகபிள்’ கப்பலில் மஸ்கிட்டோ கம்பியைப் பிடித்து நின்றது. அதற்காக அந்த விமானத்துக்கு நான்கு அலகுள்ள புரொப்பெல்லர்களும் வலுவேற்றிய உடலும் கொடுத்திருந்தார்கள்.

இந்த வேலைகளுக்கு அடித்தளம் ஃபார்ன்பரோவில் இருந்த அரச விமான ஆய்வு நிறுவனம். அங்கே கணிதம் படித்தவர்களும் விமானிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசினார்கள். கப்பலோடு சம்பந்தமில்லாத ஒரு சிக்கலும் பிரவுனிடம் வந்தது. அமெரிக்காவின் எட்டாவது விமானப்படைத் தளபதி ஜிம்மி டூலிட்டில் உதவி கேட்டிருந்தார். குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவல் போன அமெரிக்கப் போர் விமானங்கள், எதிரியைத் துரத்திச் செங்குத்தாகப் பாய்ந்தபோது கட்டுப்பாடு இழந்தன. சில திரும்பவே இல்லை.

காரணம், விமானம் ஒலியின் வேகத்தைத் தொடாவிட்டாலும் சிறகின் மேற்பரப்பில் வளைந்து ஓடும் காற்று தொட்டுவிடுகிறது. அந்த இடத்தில் அதிர்ச்சி அலை எழுகிறது. அதற்குப் பின்னால் காற்றோட்டம் சிறகை விட்டுப் பிரிந்து குழம்புகிறது. தூக்குவிசை சரிந்து, மூக்கு தானாகவே மேலும் கவிழ்கிறது. கைப்பிடி கான்கிரீட்டில் புதைத்ததுபோல் இறுகிவிடுகிறது. கவிழக் கவிழ வேகம் கூடும். கூடக் கூட இறுகும். கீழே இறங்கி, காற்று அடர்ந்து, ஒலியின் வேகமும் சற்றுக் கூடினால்தான் பிடி தளரும். அதற்குள் தரை வந்துவிடாமல் இருக்க வேண்டும்.

பிரவுனும் சகாக்களும் ஒவ்வொரு விமானத்தையும் உயரத்திலிருந்து பாய்ச்சி, சண்டை போட முடிகிற கடைசி வேகத்தை மாக் எண்ணில் குறித்தார்கள். ஒலியின் வேகம் ஒன்று என்றால், அமெரிக்காவின் லைட்னிங் 0.68, தண்டர்போல்ட் 0.71, மஸ்டாங் 0.78. எதிரியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109க்கும் ஃபோக்கவுல்ஃப் 190க்கும் 0.75. ஜெர்மன் விமானி பாய்ந்து தப்ப நினைத்தால் லைட்னிங்கும் தண்டர்போல்ட்டும் பின்தொடர முடியாது. வேறு வடிவச் சிறகுள்ள மஸ்டாங்கால் முடியும். மஸ்டாங் நெடுந்தூரக் காவலின் முதுகெலும்பு ஆனதற்கு அதன் எரிபொருள் கொள்ளளவு உட்படப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் 0.03 என்ற இந்தச் சிறு வித்தியாசமும் ஒன்று.

போர் முடிந்தபோது ஜெர்மன் மொழி கைகொடுத்தது. பெர்கன்-பெல்சன் வதைமுகாம் விடுவிக்கப்பட்ட நாட்களில் பிரவுன் அங்கே விசாரணைக்கு மொழிபெயர்த்தார். பிறகு கைப்பற்றிய ஜெர்மன் விமானங்களை ஓட்டிப் பார்த்தார். ராக்கெட்டில் ஓடும் மெஸ்ஸர்ஷ்மிட் 163உம் அதில் அடக்கம். அதன் இரு எரிதிரவங்களும் தப்பித் தவறிக் கலந்தாலே வெடிக்கும். ஜெர்மன் விமானப்படைத் தலைவராக இருந்த கோரிங்கையும் விசாரித்தார். இவை ஒவ்வொன்றும் தனிக் கட்டுரை கேட்கும். கப்பலுக்கே திரும்புகிறேன்.

1945 டிசம்பர் 3. ஆங்கிலக் கால்வாயில் ‘ஓஷன்’ என்ற கப்பல் அலையில் மேலும் கீழும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதில் பிரவுன் ‘சீ வேம்பயர்’ ஜெட்டை இறக்கினார். ஜெட் விமானம் கப்பலில் இறங்குவதை நிரூபித்த பயணம் அது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சாதாரணமாகத் தெரிந்திருக்கும். ஜெட்டுக்கு நீண்ட மூக்கு இல்லை. விமானி முன்னால் உட்கார்ந்திருப்பதால் தளம் தெளிவாகத் தெரிகிறது. அது நல்லது. கெட்டது எஞ்சினில் இருந்தது.

புரொப்பெல்லர் விமானத்தில் விசையைக் கூட்டினால் அந்தக் கணமே இழுப்பு கிடைக்கும். சிறகின் மேல் காற்றும் கூடும். மஸ்கிட்டோவைக் காப்பாற்றியது அதுதான். ஜெட்டில் அந்தக் காற்றுக் குளியல் கிடையாது. விசையைக் கூட்டினாலும், கனமான சுழலி வேகமெடுக்கச் சில நொடிகள் ஆகும். தளத்துக்கு மேலே சில நொடிகள் என்பது ஒரு யுகம். விசையைக் குறைத்தாலும் பிரச்சினைதான். புரொப்பெல்லர்போல் அது வேகத்தைத் தடுப்பதில்லை, வழுக்கிக்கொண்டே போகும். ஆக, தவறைக் கடைசி நேரத்தில் திருத்தும் வழி ஜெட்டில் இரண்டு பக்கமும் அடைபட்டிருந்தது. பிரவுன் இறங்கிவிட்டார். சராசரி விமானி, இரவில், போர்க்களைப்போடு இதைச் செய்வாரா? அவர் கொண்டுவந்த பதில் இல்லை என்பதுதான்.

இதற்கு முதலில் வந்த யோசனை வேடிக்கையானது. சக்கரங்களையே எடுத்துவிட்டால் விமானத்தின் எடை குறையும். அப்படியென்றால் மிருதுவான தளத்தில் வயிற்றால் இறங்கலாமே? காற்று நிரப்பிய குழாய்களை வரிசையாக அடுக்கி, அதன்மேல் ரப்பர் விரிப்பைப் போட்டார்கள். 1947 டிசம்பர் இறுதியில் ஃபார்ன்பரோ தரையில் நடந்த முதல் சோதனையில் வேம்பயர் மோதிச் சேதமானது, பிரவுனுக்குக் காயமில்லை. அடுத்த ஆண்டு ‘வாரியர்’ கப்பலில் சக்கரமில்லாத ஜெட்டில் திரும்பத் திரும்ப இறங்கிக் காட்டினார். இயற்பியல் சரியாகவே இருந்தது. ஆனால் இறங்கிய விமானத்தை அங்கிருந்து எப்படி நகர்த்துவது? பாரந்தூக்கி வைத்து ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டிருந்தால் அடுத்தவர் வானத்தில் எரிபொருள் தீர்ந்து விழுவார். திட்டத்தை மூட்டை கட்டினார்கள். பிரவுனின் 2,407இல் இப்படிப் பயனில்லாமல் போன சோதனைகளும் அடக்கம். ‘இது வேண்டாம்’ என்று நிரூபிப்பதும் வேலைதானே.

சரியான விடை 1951இல் வந்தது. கேப்டன் டென்னிஸ் கேம்பெல், ஃபார்ன்பரோ பொறியாளர் லூயி பாடிங்டன் இருவரின் யோசனை அது: இறங்கும் பாதையைக் கப்பலின் நடுக்கோட்டிலிருந்து சற்றே இடப்பக்கம் சாய்த்துவிடுவது. சில பாகைகள்தான். ஆனால் அதன்பின் விமானத்துக்கு எதிரே நிறுத்தி வைத்த விமானங்களும் இல்லை, தடுப்பும் இல்லை, வெறும் கடல்தான். விமானி விசையைக் குறைக்க வேண்டியதே இல்லை. விசையோடே வந்து தளத்தைத் தொடலாம். கொக்கி மாட்டினால் நிற்கும். மாட்டாவிட்டால் அப்படியே ஏறிப்போய் மறுபடி சுற்றி வரலாம். எஞ்சின் வேகமெடுக்க எடுத்துக்கொள்ளும் அந்தச் சில நொடிகளின் பிரச்சினை, எஞ்சினைத் தொடாமலேயே தீர்ந்தது. முதலில் ‘ட்ரையம்ஃப்’ என்ற பிரிட்டிஷ் கப்பலில் வெறும் பெயின்ட் கோடு போட்டுப் பார்த்தார்கள். அமெரிக்காவின் ‘ஆன்டீடம்’ கப்பலில் உண்மையாகவே சாய்தளம் கட்டினார்கள். மட்டைக்காரரின் இடத்துக்கு நிக்கலஸ் குட்ஹார்ட்டின் கண்ணாடி விளக்கு வந்தது. குழிந்த கண்ணாடியில் தெரியும் ஒளிப்புள்ளி பச்சை விளக்குகளின் வரிசைக்கு மேலே போனால் விமானம் உயரத்தில் இருக்கிறது, கீழே இறங்கினால் தாழ்ந்திருக்கிறது. பிரிட்டிஷ் சைகையா அமெரிக்கச் சைகையா என்ற வம்பே இல்லை. கனமான ஜெட்களை வீசியெறிய, காலின் மிட்செல் வடிவமைத்த நீராவிக் கவண் வந்தது.

இடையில் 1949இல் பிரவுன் மரணத்துக்கு மிக நெருக்கமாகப் போன சோதனையைச் செய்தார். வாலில்லாத, பின்னோக்கிச் சாய்ந்த சிறகுள்ள டி.எச்.108 விமானம் 1946 செப்டம்பர் 27 அன்று தேம்ஸ் முகத்துவாரத்துக்கு மேலே சிதறி, அதைச் செய்த நிறுவனத்தைத் தொடங்கியவரின் மகன் ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் இறந்துபோயிருந்தார். என்ன நடந்தது என்று தெரிய வேண்டும். பிரவுன் அதே ரக விமானத்தில் அதே வேகத்தை நோக்கிப் பாய்ந்தார். ஒலிவேகத்தின் பத்தில் ஒன்பது பங்கை நெருங்கும்போது விமானம் மேலும் கீழுமாக வெறிபிடித்ததுபோல் உதறத் தொடங்கியது. ஒரு நொடிக்குள்ளேயே பலமுறை. முகவாய் மார்பில் மோதும், உடனே தலை பின்னால் தெறிக்கும். கண்ணால் எதையும் படிக்க முடியாது. இப்படி வந்தால் என்ன செய்வது என்று தரையிலேயே பலமுறை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். இரு கைகளும் சொல்லாமலே விசையைக் குறைத்துக் கைப்பிடியை இழுத்தன. உதறல் நின்றது.

பிரவுன் ஐந்தடி ஏழு அங்குலம். சிறிய உருவத்துக்காகவே ‘விங்கிள்’ என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. அன்று இருக்கையையும் தாழ்த்தி வைத்திருந்தார். அதனால் தலை கூரையில் இடிக்கவில்லை. டி ஹாவிலண்ட் உயரமானவர். அந்த உதறலில் தலை கூரையில் மோதிக் கழுத்து முறிந்திருக்கும் என்ற முடிவுக்கு பிரவுன் வந்தார். அந்த ரகத்தில் மூன்று விமானங்கள்தான் செய்யப்பட்டன. மூன்றும் விழுந்தன, மூன்று விமானிகளும் இறந்தார்கள்.

1970இல் பிரவுன் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றார். 2016 பிப்ரவரி 21 அன்று காலமானார்.

சாய்தளம், நீராவிக் கவண், கண்ணாடி விளக்கு மூன்றும் சேர்ந்த கப்பல் ஒன்று 1961 மார்ச்சில் பெல்ஃபாஸ்டில் இந்தியக் கொடியை ஏற்றியது. போர்க்காலத்தில் ‘ஹெர்குலிஸ்’ என்று கட்டத் தொடங்கி, பாதியில் நின்றுபோயிருந்த அது ‘விக்ராந்த்’ ஆனது. அதே ஆண்டு மே 18 அன்று அதில் இறங்கிய முதல் இந்திய விமானி ஆர்.எச். தஹிலியானி, பின்னாளில் கடற்படைத் தலைமைத் தளபதி ஆனவர். 1971 போரின்போது விக்ராந்தின் கொதிகலன் ஒன்றில் விரிசல். முழு வேகத்தில் ஓட்ட முடியவில்லை. கப்பலின் வேகம் குறைந்தால் தளத்தின்மேல் காற்றும் குறையும். சலேர்னோவில் பிரிட்டிஷாரைப் பாடாய்ப்படுத்திய அதே கழித்தல் கணக்கு. கனமான அலிஸே விமானங்களை ஏற்றி அனுப்ப இயற்கைக் காற்று எப்போது வரும் என்று பார்த்தே வேலையை வகுக்க வேண்டியிருந்தது. டிசம்பர் 4 அன்று வங்கக் கடலிலிருந்து கிளம்பிய சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரைத் தாக்கின.

கொச்சியில் கட்டி 2022இல் படையில் சேர்ந்த புதிய விக்ராந்தில் நீராவிக் கவண் கிடையாது. முன்முனை மேல்நோக்கி வளைந்திருக்கிறது. இறங்குவதற்கு மட்டும் பழைய வழிதான்: சாய்தளம், கம்பி, கொக்கி. 2023 பிப்ரவரி 6 அன்று தேஜஸின் கடற்படை வடிவம் அதில் இறங்கியது. மணிக்குச் சுமார் 240 கிலோமீட்டரிலிருந்து இப்படி நிற்க அதற்கு ஏறக்குறைய இரண்டரை நொடி ஆகும். உடல் எடையைப்போல் இரண்டரை மடங்குக்கு மேலான விசை அந்த நேரத்தில் விமானியை முன்னோக்கித் தள்ளும். கொக்கி மாட்டும்வரை எஞ்சின் விசை குறையாது.